பூவா தலையா: விவசாயியோட பயத்தை அளந்த கதை

எங்க திண்டுக்கல் பக்கத்து விவசாயியைப் பத்தி ரெண்டு விதமான பேச்சு உண்டு. டீக்கடையிலயும் கேக்கலாம், பேங்க்லயும் கேக்கலாம். ஒண்ணு, "இவங்க பயந்தாங்கொள்ளிங்க, புதுசா எதையும் செஞ்சு பாக்க மாட்டாங்க." இன்னொண்ணு, "இவங்க சூதாடிங்க, இருக்கற நகையெல்லாம் அடகு வெச்சு போர் போட்டே அழிஞ்சு போவாங்க." வேடிக்கை என்னன்னா, இந்த ரெண்டையும் ஒரே விவசாயியைப் பத்தி ஒரே வாயால சொல்லுவாங்க.

ஒரு மனுஷன் ஒரே சமயத்துல பயந்தாங்கொள்ளியாவும் சூதாடியாவும் இருக்க முடியுமா? "நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாத நிலைமையை" மனுஷங்க எப்படிச் சமாளிக்கிறாங்கங்கறதை யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களா? நிறைய பேர் பாத்திருக்காங்க. அந்த அளவுகோல்களோட வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல எங்க ஊர் மண்

மேற்கே பழனி மலை, தென்கிழக்கே சிறுமலை. நடுவுல இருக்கற சமவெளிக்கு ஆண்டு மழை சராசரியா 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சராசரி கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா சராசரி மழையில யாரும் விதைக்கிறதில்லை, அந்த வருஷத்து மழையிலதான் விதைக்கணும். வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில குடகனாற்றுக்குக் குறுக்கே ஒரு அணை கட்டினாங்க. தண்ணி பத்தாத சீமைன்னு கட்டின அணை. 1977-ல கட்டி முடிச்ச அதே வருஷம் வெள்ளம் வந்து அணை உடைஞ்சு போச்சு. வறட்சிக்குப் பேர் போன இடத்துல வெள்ளத்துல செத்தவங்க உண்டு.

மண்ணுக்கு அடியில பாறை. பாறை வெடிப்புல தண்ணி இருந்தா உண்டு, இல்லாட்டி இல்லை. பக்கத்துக் காட்டுல 300 அடியில தண்ணி கொட்டும், வரப்புக்கு இந்தப் பக்கம் 800 அடி போனாலும் புகைதான் வரும். அதனாலதான் ரிக் வண்டி வர்றதுக்கு முன்னாடி தேங்காயோட ஒருத்தர் வருவார். உள்ளங்கையில தேங்காய் எழுந்து நின்னா அங்கதான் பாயிண்ட். சிரிக்காதீங்க. அதுவும் நிச்சயமின்மையைச் சமாளிக்கிற ஒரு வழிதான். முடிவைத் தன் தலையிலிருந்து தேங்காய் தலைக்கு மாத்தி வைக்கிறது :-)

இங்க ஒரு வித்தியாசத்தைப் பாத்துக்கணும். பூவா தலையா போட்டா பாதிக்குப் பாதின்னு தெரியும். எது விழும்னு தெரியாது, ஆனா வாய்ப்பு எவ்வளவுன்னு தெரியும். போர் போட்டா அதுவும் தெரியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃப்ராங்க் நைட் 1921-லயே இந்த ரெண்டையும் பிரிச்சார். கணக்குப் போட முடியறது ரிஸ்க், கணக்கே போட முடியாதது நிச்சயமின்மை.

1961-ல டேனியல் எல்ஸ்பர்க் இதை ஒரு புதிராக்கினார். ரெண்டு குடம், ஒவ்வொண்ணுலயும் 100 பந்து. முதல் குடத்துல 50 சிவப்பு, 50 கறுப்பு. ரெண்டாவதுல எத்தனைக்கு எத்தனைன்னு தெரியாது. சிவப்பு எடுத்தா பரிசு. எந்தக் குடத்துல கை விடுவீங்க? பெரும்பாலானவங்க முதல் குடம்னுதான் சொல்வாங்க. சரி, கறுப்பு எடுத்தா பரிசுன்னு மாத்தினா? அப்பவும் முதல் குடமே! ரெண்டாவது குடத்துல சிவப்பு கம்மின்னு நினைச்சா அதுல கறுப்பு அதிகமா இருக்கணுமே? அந்தக் கணக்கெல்லாம் நாம பாக்கறதில்லை. தெரியாததுமேல ஒரு தனி வெறுப்பு நமக்கு இருக்கு. (இதே எல்ஸ்பர்க்தான் 1971-ல வியட்நாம் போர் பத்தின ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்து அமெரிக்க அரசையே ஆட்டி வெச்சவர். 2023-ல காலமானார்.)

எங்க ஊர் போர்வெல் அந்த ரெண்டாவது குடம்.

சர்க்கார் அளந்த விதம்

நம்ம பக்கத்துல இதை முதல்ல அளக்க வேண்டிய கட்டாயம் வந்தது அரசாங்கத்துக்கு. 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல்லைத் திப்பு சுல்தான்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கிச்சு. அடுத்த வேலை நில அளவை, வரி. 1800-களோட தொடக்கத்துல திண்டுக்கல் சீமையை மிட்டாக்களாப் பிரிச்சு, ஒரே நிரந்தர வரி வெச்சு வித்தும் பாத்தாங்க. வரி நிரந்தரம், மழை நிரந்தரமில்லை. விளைவு? பல மிட்டாக்கள் தாக்குப் பிடிக்க முடியாம அரசாங்கத்துக்கே திரும்பி வந்துச்சு. நிலத்தை அளந்தவங்க மழையை அளக்க மறந்துட்டாங்க.

அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம் முழுக்கப் பிணக்காடு. அப்போ திண்டுக்கல் மதுரை ஜில்லாவுல இருந்தது (தனி மாவட்டமானது 1985-ல). நிவாரண வேலைக்கு வர்றவங்களுக்கு என்ன கூலி கொடுக்கறதுன்னு கேள்வி வந்தப்ப, ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல சொன்னது, ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்ட் தானியம் போதும், கூட ஒரு அணா. ஒரு பவுண்ட்னா சுமார் 450 கிராம். அதுல நாள் முழுக்க மண் சுமக்கணும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையா எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு இது பத்தாதுன்னு கணக்கோட வாதாடினார்.

இந்தக் குறைஞ்ச கூலிக்குப் பின்னாடி சிக்கனம் மட்டுமில்லை, ஒரு அளவுகோலும் இருந்தது. 1880 பஞ்சக் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு வந்த பஞ்சச் சட்டங்கள்ல அது நிரந்தரமாவே இடம் பிடிச்சது. "சோதனை வேலை"ன்னு பேரு. ஒரு வட்டாரத்துல கஷ்டம் இருக்கான்னு சந்தேகம் வந்தா, கடுமையான வேலையைக் கொறைஞ்ச கூலிக்குத் திறந்து வைப்பாங்க. கூட்டம் வந்தா பஞ்சம். வரலைன்னா, ஜனங்க இன்னும் சமாளிக்கிறாங்கன்னு அர்த்தம். தானிய விலை ஏறுதா, குடும்பத்தோட ஊரை விட்டுப் போறாங்களா, கடன் கிடைக்காம போகுதா, சின்னத் திருட்டு அதிகமாகுதா, இதையெல்லாம் அதிகாரிகள் முன்கூட்டியே கவனிக்கணும்னும் எழுதி வெச்சாங்க.

கொடூரமான தெர்மாமீட்டர்தான். ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அது எந்த விவசாயியோட குணத்தையும் அளக்கலை. அவன் நிலைமை எங்க வந்து நிக்குதுங்கறதை அளந்துச்சு. இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

மனோதத்துவக்காரங்க அளந்த விதம்

அடுத்த தலைமுறை அளவுகோல்கள் மனுஷனுக்கு உள்ளே புகுந்துச்சு. எல்ஸ ஃப்ரெங்கல்-பிரன்ஸ்விக்னு ஒரு அம்மா. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி 1938-ல அமெரிக்கா போனவங்க. தெளிவில்லாத விஷயங்களைச் சிலரால தாங்கவே முடியலை, எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையா உடனே பிரிச்சாகணும்னு துடிக்கிறாங்க, இது ஏன்னு கேட்டாங்க. ஒரு சோதனை: முதல் படத்துல நாய். அடுத்தடுத்த படங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா மாறி, கடைசியில பூனை. சில பேர் பூனை வந்த பிறகும் "நாய்தான்"னு பிடிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். 1949-ல இது பத்தின கட்டுரை வந்தது. நாட்டையே ஒரு தலைவன் கையில கொடுத்துட்டு நிம்மதியானவங்களைப் பாத்துட்டு வந்த ஒரு அகதி கேட்ட கேள்விங்கறதால எனக்கு இதுமேல தனி மரியாதை.

அதுக்கப்புறம் வினாத்தாள்கள் வரிசை கட்டுச்சு. 1962-ல ஸ்டான்லி பட்னர் 16 வாக்கியம் கொண்ட ஒரு அளவுகோல் போட்டார். 1994-ல கனடாவோட க்யூபெக்ல 27 வாக்கியத்துல இன்னொண்ணு. "ஒத்துக்கறேன், ஒத்துக்கலை"ன்னு டிக் அடிச்சா உங்களுக்கு ஒரு மார்க். பதற்ற நோய்க்கு வைத்தியம் பாக்கறவங்களுக்கு இது நிஜமாவே உதவுது, குறை சொல்லலை.

ஆனா ஹாலந்துக்காரர் கேர்ட் ஹாஃப்ஸ்டெட் ஒரு படி மேல போய் நாடுகளுக்கே மார்க் போட்டார். 1967-லிருந்து 1973 வரை ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வே. கம்பெனி விதியை மீறலாமா, இங்க எத்தனை வருஷம் இருப்பீங்க, வேலையில எவ்வளவு தடவை டென்ஷன் ஆகறீங்க, இந்த மூணு கேள்விதான் அடிப்படை. "நிச்சயமின்மையைத் தவிர்க்கும் குறியீடு"ன்னு பேரு. கிரீஸ் 112, ஜப்பான் 92, சிங்கப்பூர் 8, இந்தியா 40. ஆக இந்தியர்கள் நிச்சயமின்மையை நல்லாவே தாங்குவாங்கன்னு முடிவு!

ஐபிஎம்ல மாசச் சம்பளம் வாங்கற ஒருத்தர் டிக் அடிச்ச மார்க்கை, குஜிலியம்பாறையில வானம் பாத்து உக்காந்திருக்கற ஆள் நெத்தியில ஒட்ட முடியுமா? மேனேஜ்மென்ட் பாடப் புத்தகங்கள் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

கங்கை காணாம போன கதை

இதுக்கு நேர் எதிரா, நம்ம நாட்டுல நடந்த ஒரு அருமையான ஆய்வு இருக்கு. 1934 ஜனவரி 15-ல பீகார்ல பெரிய பூகம்பம். பாட்னாவுல இருந்த உளவியலாளர் பிரசாத், அப்போ ஊர்ல உலவின வதந்திகளை உக்காந்து சேகரிச்சார். கங்கைத் தண்ணி மாயமாச்சு, சந்திர கிரகணத்தன்னைக்குப் பேரழிவு வரும், இப்படி. இந்த வதந்திகள் உலவினது இடிஞ்சு விழுந்த ஊர்கள்ல இல்லை. ஆட்டம் தெரிஞ்சுது, ஆனா சேதம் ஒண்ணுமில்லைங்கற ஊர்கள்ல.

பின்னால துர்கானந்த் சின்ஹா டார்ஜிலிங் பக்கம் நடந்த ஒரு நிலச்சரிவைப் பத்தி இதே மாதிரி ஆராய்ஞ்சு 1952-ல எழுதினார். நேரடியா அடிபட்ட அந்த மக்கள்கிட்ட பயங்கர வதந்தி பெருசா இல்லை. ரெண்டையும் சேர்த்துப் பாத்த லியோன் ஃபெஸ்டிங்கருக்கு ஒரு பொறி தட்டுச்சு. பயம் வந்துருச்சு, ஆனா பயப்பட காரணம் கண்ணுக்குத் தெரியலை. அப்போ மனசு தானே ஒரு காரணத்தைக் கட்டிக்குது. 1957-ல அவர் எழுதின புகழ்பெற்ற "அறிவுசார் முரண்" கோட்பாட்டுக்கு இந்தப் பீகார் வதந்திகள் ஒரு ஆரம்பப் புள்ளி.

பாட்னாக்காரனோட குணத்துக்கும் டார்ஜிலிங்காரனோட குணத்துக்கும் இதுல வேலையே இல்லை பாருங்க. யார் எங்க நின்னாங்கங்கறதுதான் வித்தியாசம். வீடு இடிஞ்சவனுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும். இடியாதவனுக்குத்தான் ஒண்ணும் தெரியலை.

காசை நிஜமாவே கையில கொடுத்தா?

இப்ப விவசாயிக்கு வருவோம். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல இக்ரிசாட்னு வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம். அங்க 1970-களோட பிற்பகுதியில ஹான்ஸ் பின்ஸ்வாங்கர்ங்கற பொருளாதார அறிஞர் மகாராஷ்டிரா, ஆந்திரக் கிராமங்கள்ல விவசாயிகளோட ரிஸ்க் மனப்பான்மையை அளக்கப் போனார். முதல்ல "இப்படி ஆனா என்ன செய்வீங்க?"ன்னு வாய்க்கேள்வி. பதில்கள் ஒண்ணுக்கொண்ணு ஒட்டலை. கேள்வி கேக்கற ஆள் மாறினா பதிலும் மாறிச்சு. சரி, வாய்ப்பேச்சு வேணாம்னு நிஜக் காசை இறக்கினார்.

ஆட்டம் இதுதான். ஒரு அட்டையில பல சீட்டு, ஒண்ணைத் தேர்ந்தெடுங்க, காசு சுண்டுவோம். முக்கியமான ஆறை மட்டும் சொல்றேன்:

முதல் சீட்டு: எது விழுந்தாலும் 50 ரூபாய்.
ரெண்டாவது: ஒரு பக்கம் விழுந்தா 45, மறுபக்கம் விழுந்தா 95.
மூணாவது: 40 அல்லது 120.
நாலாவது: 30 அல்லது 150.
அஞ்சாவது: 10 அல்லது 190.
ஆறாவது: 0 அல்லது 200.

கீழே போகப் போக சராசரி வரவு ஏறும்: 50, 70, 80, 90, 100. கூடவே அடி விழுந்தா கிடைக்கறதும் குறைஞ்சுக்கிட்டே போகும். கடைசி ரெண்டுக்கும் சராசரி ஒண்ணே, அதனால ஆறாவதை எடுக்கறவன் அசல் சூதாடி. முதல்ல இதே ஆட்டத்தை 50 பைசா அளவுல ஆடி, அப்புறம் 5 ரூபாய், அப்புறம் 50 ரூபாய்னு வாரக்கணக்குல ஏத்திக்கிட்டே போனாங்க. அந்தக் காலத்துல கூலி வேலை செய்யறவருக்கு இது ஒரு மாசச் சம்பளத்தைத் தொடற காசு.

பைசா ஆட்டத்துல ஆளாளுக்கு ஒரு சீட்டு. துணிஞ்சவன், பயந்தவன், சூதாடி எல்லாரும் இருந்தாங்க. தொகை ஏற ஏற எல்லாரும் நடு சீட்டுகள் பக்கம் வந்து சேர்ந்துட்டாங்க. மிதமான எச்சரிக்கை. முக்கியமான விஷயம், பெரிய தொகையில பணக்கார விவசாயிக்கும் ஏழை விவசாயிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 1980-ல வெளியான அந்தக் கட்டுரையோட முடிவு: ஏழை புதுப் பயிர், புது உரம்னு இறங்கத் தயங்கறான்னா அதுக்குக் காரணம் அவன் மனசு இல்லை. கடன் கிடைக்கறது, சந்தை, தகவல், இந்த வசதிகள்ல இருக்கற ஏற்றத்தாழ்வு.

"இவங்க புதுசா எதையும் செய்ய மாட்டாங்க"ங்கற நம்ம டீக்கடைத் தீர்ப்புக்கு 1980-லயே அப்பீல் ஆகி, கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு.

அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

அடுத்தது நம்ம தமிழ்நாட்டுலயே நடந்தது. 2013-ல ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நாலு பேரும் "சயின்ஸ்" இதழ்ல வெளியிட்ட ஆய்வு. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்புல பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மொத்தமா வரும். அறுவடைக்கு முன்னாடி கை காலி, பின்னாடி கையில காசு. ஆலைகள் வெட்டு உத்தரவை மாசக்கணக்குல பிரிச்சுக் கொடுக்கறதால, ஒரே மாசத்துல ஒருத்தர் அறுவடைக்கு முன்னாடியும் பக்கத்துக்காரர் பின்னாடியும் இருப்பாங்க. பருவம், பண்டிகையால வந்த வித்தியாசம்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரே விவசாயிக்கு ரெண்டு தடவை சோதனை. அறுவடைக்கு முன்னாடி 78 சதவிகிதம் பேர் எதையாச்சும் அடகு வெச்சிருந்தாங்க, பின்னாடி 4 சதவிகிதம். ரேவன் மேட்ரிசஸ்னு விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடிக்கற சோதனையில முன்னாடி சராசரியா 4.35 சரியான விடை, பின்னாடி 5.45. கவனத்தை அடக்கி வேலை செய்யற இன்னொரு சோதனை. "5 5 5"ன்னு காட்டினா எண்ணைப் படிக்காம, எத்தனை தடவை இருக்குன்னு "மூணு" சொல்லணும். முன்னாடி 146 விநாடி, பின்னாடி 131. இந்த ஆய்வோட புள்ளியியல் முறை மேல அதே இதழ்லயே எதிர்வாதமும் வந்தது, அதையும் சொல்லிடறேன். ஆனா அடிப்படைச் செய்தி எளிது. ஆள் அதே ஆள்தான். தலைக்குள்ள ஓடற கணக்குதான் வேற. வட்டி, அடகு, ஆலைப் பணம் என்னைக்கு வரும்? மூளையோட ஒரு பகுதியை இந்தக் கேள்விகள் வாடகைக்கு எடுத்துக்குது.

அப்ப அந்த ஆறாவது போர்?

இப்ப ஆரம்பக் கேள்வி. புதுப் பயிருக்குப் பயப்படற அதே ஆள், ஏற்கனவே அஞ்சு போர் பொய்த்துப் போன தோட்டத்துல ஆறாவது போடறது ஏன்?

நான் யோசிச்ச வரைக்கும் பதில் பின்ஸ்வாங்கரோட அட்டையிலயே இருக்கு. அதுல முதல் சீட்டைத் திரும்பப் பாருங்க. எது விழுந்தாலும் 50 ரூபாய். ஆடவே பிடிக்கலைன்னாலும் காசோட வீட்டுக்குப் போகலாம். அந்தச் சீட்டு இருக்கறவரைக்கும்தான் "ஜாக்கிரதையான ஆள்"ங்கற பேச்சுக்கு அர்த்தம் இருக்கு. கிணறு வத்தி, பத்து வருஷமா வளர்த்த தென்னை கண்ணெதிரே காயும்போது, போர் போடாம இருக்கறது பாதுகாப்பான சீட்டா? அதுவும் நஷ்டம்தான், நிச்சயமான நஷ்டம். அவன் கையில இருக்கற அட்டையில முதல் சீட்டே இல்லை. "இன்னைக்கே காயும்", "ஒருவேளை தண்ணி வரும்", இந்த ரெண்டுதான். அதுல ரெண்டாவதை எடுத்தவனைச் சூதாடின்னு சொல்றது நியாயமா?

பயிர் மாத்தும்போது அவன்கிட்ட சோளமோ கடலையோன்னு தெரிஞ்ச சீட்டு ஒண்ணு இருக்கு, அதனால நிதானம். கிணறு வத்தினா இல்லை, அதனால துணிச்சல். ஆள் ஒருத்தன்தான், மாறினது அட்டை. பயந்தாங்கொள்ளி, சூதாடின்னு ரெண்டு பேர் வெச்சது வேடிக்கை பாத்த நாம.

அதனாலதான் பஞ்சச் சட்டத்தோட அந்தக் கொடூரத் தெர்மாமீட்டரை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். சரியானதைத்தான் அளந்தாங்க, ஆனா எல்லாச் சீட்டும் பறிபோன பிறகு அளந்தாங்க. முதல் சீட்டைத் திருப்பிக் கொடுக்கற முயற்சிகளும் பின்னால வந்துச்சு. 2005-ல நூறு நாள் வேலைச் சட்டம், 2011-லிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில விலையில்லா அரிசி, 2016-ல பிரதமர் பயிர்க் காப்பீடு. இதுல காப்பீட்டுல ஒரு சிக்கல். மகசூல் நஷ்டத்தை ஒரு வட்டாரத்துக்கு மொத்தமாத்தான் கணக்குப் போடறாங்க. வரப்புக்கு வரப்பு தண்ணி மாறற எங்க பாறை மண்ணுல, பக்கத்துக் காடெல்லாம் விளைஞ்சு நம்ம காடு மட்டும் காஞ்சா அந்தக் கணக்குல நாம வரமாட்டோம். தெரியாததைக் கண்டு பயப்படறவன்கிட்ட போய் இன்னொரு தெரியாத குடத்தை நீட்டின மாதிரி.

அடுத்த தடவை யாராச்சும் "இந்த ஜனங்களுக்கு ரிஸ்க் எடுக்கத் தெரியாது"ன்னோ, "கண்ணை மூடிக்கிட்டு ரிஸ்க் எடுக்கறாங்க"ன்னோ சொன்னா, அவங்க கையில எந்தெந்தச் சீட்டு இருந்துச்சுன்னு ஒரு கேள்வி கேளுங்க. உங்க ஊர்ல விவசாயி, நெசவாளி, மீனவர், யாரா இருந்தாலும் அவங்களோட அந்த முதல் சீட்டு எது? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. அதை ஊர் ஊரா ஒரு பட்டியலாப் போடணும்னு ஆசை.

டிஸ்கி: தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்கறது அறிவியலா, இல்லையான்னு கும்மி அடிக்க வர்றவங்களுக்கு, அதுக்குத் தனிப் பதிவு வெச்சுக்கலாம் :-)